‘வேட்டை எதிர்வினை’ வேண்டாம், ‘கலனூசல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். குளிரில் விரலின் குருதிக்குழாய்கள் மாறி மாறி ஒடுங்கி விரிவதை ஆங்கிலத்தில் ‘ஹண்டிங் ரியாக்ஷன்’ என்பார்கள். நம் கலைச்சொல் தொகுப்பில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நண்பர் ஒருவர் எழுதியது:

> ஹண்டிங் ரியாக்ஷனுக்கு ‘வேட்டை எதிர்வினை’ என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே.

இதை ஏற்க மனம் வரவில்லை. பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்த இந்த நிகழ்வுக்கும் வேட்டைக்கும் தொடர்பே இல்லை. எஞ்சினின் வேகம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஏறியும் இறங்கியும் அலைந்தால் பொறியாளர்கள் ‘ஹண்டிங்’ என்பார்கள். அந்தப் பொருள்தான் இங்கும். பனிக்கடல் மீனவர்களின் விரல்களில் இது வலுவாக இருப்பதையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், வேட்டையாடிகளின் உடல்வாகு போலும் என்றுதான் நினைப்பார்.

நடப்பது இதுதான். விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்ததும் பரிவு நரம்பு (சிம்பதெடிக்) முனைகள், குருதிக்குழாயை ஒடுக்கும் நோரட்ரினலினைச் சுரக்கின்றன. குளிர்ந்த தோலில், நோரட்ரினலினைப் பற்றும் ஆல்ஃபா-2சி ஏற்பிகள் குழாய்ச்சுவரின் தசைச் செல்லுக்குள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சேர்வதால் நோரட்ரினலினின் பிடி இன்னும் இறுகுகிறது. விரல் வெளுக்கிறது, வலிக்கிறது. ஐந்து பத்து நிமிடம் கழித்து, விரல் நீரில் இருக்கும்போதே, தமனி-சிரை இணைப்புகள் திறந்து சூடான குருதி பாய்கிறது, விரல் சிவக்கிறது. பிறகு மறுபடி ஒடுக்கம், மறுபடி விரிவு.

ஒடுக்கத்துக்கு நரம்பு காரணம் என்பதில் பேச்சில்லை. முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டினால் அந்தப் பக்கக் காது சூடேறுவதை பிரெஞ்சு உடலியலாளர் கிளோட் பெர்னார் 1850-களிலேயே காட்டிவிட்டார். விரிவுக்கான காரணத்தில்தான் கருத்து வேறுபாடு. லூயிஸ் அதை உணர்நரம்பின் கிளைவழி அனிச்சை (ஆக்ஸான் ரிஃப்ளெக்ஸ்) என்றார். குளிரில் நரம்பு முனை நோரட்ரினலினைச் சுரக்க முடியாமல் போவதே காரணம் என்பது பின்னர் வந்த விளக்கம். ஆகவே காரணத்தைப் பெயருக்குள் வைக்கும் ‘அனிச்சை விரிவு’ போன்ற சொற்களும் வேண்டாம். கண்ணால் காண்பதைச் சொல்லும் பெயர் போதும்: கலன் (குருதிக்குழாய்) + ஊசல் = கலனூசல்.

‘நாள ஊசல்’ ஏன் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் இரத்த நாளம் என்றால் எல்லாக் குழாய்களும் அடங்கும். இலங்கைப் பாடநூல்களில் தமனி ‘நாடி’, சிரை ‘நாளம்’. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது சிரையின் ஊசலாகிவிடும். போதாததற்கு நாளமில்லாச் சுரப்பியில் நாளம் என்பது வேறொன்று, சுரப்பு வெளியேறும் குழாய். ‘குருதிக்கலன்’ இரு கரையிலும் பிசகாது. அதே வழியில் கலனொடுக்கம், கலன்விரிவு என்று தொகுப்பு முழுக்க ஒரே வேரில் போகலாம்.

ஒன்றை மட்டும் மருத்துவ நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள். குளிர் இல்லாதபோதும் சிறு கலன்கள் தாமாகத் தாளகதியில் சுருங்கி விரிவதுண்டு, அது வாசோமோஷன். அதோடு குழம்பாதிருக்க, தலைப்புச்சொல்லைக் ‘குளிர்க் கலனூசல்’ என்று வைத்து, குளிர் பற்றிய பத்திக்குள் ‘கலனூசல்’ எனச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. வாசோமோஷனுக்குத் தனிச்சொல் தேவை. ‘கலனதிர்வு’ என்றால் துடிப்பு வேகம் கூடிவிடுகிறது. ‘கலனசைவு’ சரியாக வருமா?