மறு: டெலிகேஷன் – 'அதிகாரப் பகிர்வு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மேலே இருப்பவர் தன் அதிகாரத்தைக் கீழே உள்ளவரிடம் கொடுத்து முடிவெடுக்கச் சொல்வதுதான் டெலிகேஷன். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த 'அதிகாரப் பகிர்வு' எனக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி அந்தச் சொல்லையே போட்டுவிட்டுப் போகட்டும் என்று நேற்று இரண்டு பேர் சொல்லியிருந்தீர்கள். பகிர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போகும், கொடுத்தவர் பங்கு குறையும். போதாததற்கு, இலங்கைத் தமிழர் காதில் அந்தச் சொல் அந்நாட்டு அரசியலமைப்பில் 1987ஆம் ஆண்டு வந்த 13ஆவது திருத்தத்தையும், அது உருவாக்கிய மாகாண சபைகளையும் கூட்டிக்கொண்டுதான் நுழையும். அந்த வேலைக்கு அது நல்ல சொல். அங்கேயே இருக்கட்டும்.

'ஒப்படைப்பு' கொஞ்சம் தேவலை. ஆனால் நம் அலுவலகங்களில் 'பொறுப்பு ஒப்படைப்பு' என்றால் என்ன? மாறுதலில் போகிறவர் சாவியையும் பதிவேட்டையும் அடுத்தவரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் அவருக்கும் அந்த நாற்காலிக்கும் சம்பந்தமில்லை. நாம் தேடுவது அதற்கு நேர் எதிரான சொல்.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 38ஆம் தலைப்பு முழுக்க முன்னாள் படைவீரர்களுக்கானது. அதில் 511ஆம் பிரிவு, உதவித்தொகை தொடர்பான கேள்விகளை முடிவு செய்ய வேண்டியவர் துறையின் செயலர் என்கிறது. (அங்கே செயலர் என்றால் நம் ஊர் அமைச்சர் மாதிரி. 1989 மார்ச்சில் அது முழுத் துறையாகி, அதன் தலைவர் அமைச்சரவைக்குள் வந்தார்.) நாடு முழுவதிலிருந்தும் வரும் மனுக்களை ஒரே ஆள் உட்கார்ந்து பார்க்க முடியுமா? அதனால் 512ஆம் பிரிவு. செயலர் தன் அதிகாரத்தைக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம். அவர்கள் இன்னும் கீழே கொடுக்கவும் இடம் தரலாம். கடைசியில் ஏதோ ஒரு வட்டார அலுவலகத்தில் ஒரு பணியாளர் எழுதும் முடிவுக்கு, செயலரே எழுதியதற்கு உள்ள வலு உண்டு. மேல்முறையீட்டைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. அதைத் தீர்ப்பது தனி வாரியம், ஆனால் சட்டத்தின் வாசகப்படி மேல்முறையீடு போவது செயலருக்கு. முதல் முடிவும் அவருடையது, அதன் மேல் முறையிடுவதும் அவரிடமே.

ஆக, அதிகாரம் கீழே போகிறது. ஆனால் மேலே இருப்பவரை விட்டுப் போவதில்லை. சொல்லில் இந்த இரண்டாவது பாதி தெரிய வேண்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்கலாம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பவன் நான். மனுவும் எழுதிக் கொடுப்பேன். போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் ராணுவத்தில் நாயக்காக இருந்து காலமானவர். உதவித்தொகை கேட்ட மனுவை நிராகரித்து வந்த கடிதத்தை நாலாக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். விரித்துப் பார்த்தேன். அடியில் 'அலுவலர்' என்று அச்சில் இருந்ததை பேனாவால் 'அலுவலருக்காக' என்று திருத்தியிருந்தது. பக்கத்தில் கோழி கிளறியது மாதிரி ஒரு கையெழுத்து. பெயர் இல்லை.

"யாரு தம்பி இத்த வேணாம்னு சொன்னது? ஆபீசரா, இந்தக் கையெழுத்துக்காரரா?"

எனக்குத் தெரியவில்லை. அதிகாரி முடிவெடுத்து, இவர் கையெழுத்து மட்டும் போட்டிருக்கலாம். முடிவெடுக்கும் வேலையையே இவரிடம் முறையாகக் கொடுத்திருக்கலாம். யாரும் எதையும் கொடுக்காமலே இவர் போட்டிருக்கலாம். இந்த மூன்றையும் ஒரு 'க்காக' மூடிவிடுகிறது.

நாலாவதாகவும் ஒன்று உண்டு. சென்னை மாநிலத்தில் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கியது குறித்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. அரசின் அலுவல் விதிகளின்படி முடிவெடுக்கும் அதிகாரி அரசின் ஓர் உறுப்பு. அரசு தன் அதிகாரத்தை அவரிடம் கொடுத்ததாக அது ஆகாது. என் கை எழுதினால் நான் எழுதியதுதான், கைக்கு நான் அதிகாரம் தரவேண்டியதில்லை. அதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும், அதை வேறு இழையில் பேசுவோம்.

சரி, என் பரிந்துரை: கையடை.

புதிதாக உருவாக்கியதல்ல. ஒருவர் பாதுகாப்பில் ஒப்புவித்த பொருள் என்று பழைய வழக்கு. கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் வந்து இராமனைக் கேட்டு அழைத்துப்போகும் பகுதிக்குப் பெயரே கையடைப் படலம். பிள்ளை முனிவரோடு போனான், ஆனால் தயரதன் பிள்ளையாகவே போனான். 'அதிகாரக் கையடை' என்று தொடங்கலாம். பெறுபவர் கையடையாளர். திரும்பப் பெறுவது கையடை மீட்பு. அவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் உட்கையடை.

'டெலிகேட்'டுக்கு நாம் சொல்லும் பேராளர் என்ற சொல்லிலிருந்து ஏதாவது பிறக்குமா என்றும் பார்த்தேன். மாநாட்டுக்குப் பை மாட்டிக்கொண்டு போகிறவர்தான் கண்முன் வருகிறார்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து

*

மறுபடியும் வணக்கம். ஒரே இரவில் இத்தனை மறுப்பு வரும் என்று நினைக்கவில்லை.

> 'கையடை' என்றதும் கையூட்டுதான் நினைவுக்கு வருகிறது. அரசு அலுவலகச் சூழலில் இது விபரீதம்.

சிரித்துவிட்டேன் ஐயா, ஆனால் நியாயம். காலையில் டீக்கடையில் சோதித்தும் பார்த்தேன். அங்கே தினமும் வரும் ஒரு முன்னாள் ஹவில்தார், இப்போது ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கிறார். "கையடையா? சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வருதான்னு கேக்குற மாரி கீது" என்றார். எங்கள் தெருவில் மழைக்காலம் கழித்தவர் யாரும் அப்படித்தான் கேட்பார். பொருளைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். (சி.ஓ. என்பது படைப்பிரிவின் கட்டளை அதிகாரி, ஜவாப்தாரி என்பது பொறுப்பு, கோர்ட் ஆஃப் என்கொயரி என்பது ராணுவத்தின் உள் விசாரணை.) "அது தெரியும் சார். சி.ஓ. பவரைக் குடுப்பாரு. ஜவாப்தாரிய குடுக்க முடியாது. நாளைக்கு கோர்ட் ஆஃப் என்கொயரி வந்தா அவரையும்தான் கூப்புடுவான்." சி.ஓ. விடுப்பில் போனால் அவருக்கு அடுத்த அதிகாரியான டூ ஐ.சி. பொறுப்பு பார்ப்பது வேறு, சி.ஓ. தன் இடத்தில் இருந்துகொண்டே ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் கொடுப்பது வேறு என்பதையும் அவரே பிரித்துக் காட்டினார். நம் இழையில் மூன்று நாளாக யாரும் இதைத் தொடவில்லை, நான் உட்பட.

> தயரதன் 'தந்தையும் நீ, தாயும் நீ' என்று முழுசாகவே கொடுத்துவிட்டானே. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக இருக்கிறது.

கொடுத்தான், மறுக்கவில்லை அக்கா. ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். தாடகையை வதைக்கச் சொன்னதும் முனிவர், வேள்வியைக் காக்கவைத்ததும் முனிவர், மிதிலைக்கு அழைத்துப்போனதும் முனிவர். யாரிடமும் கேட்கவில்லை. வில் முறிந்தது, கல்யாணம் என்று வந்ததும் என்ன செய்தார்? தயரதனுக்குச் சொல்லி அனுப்பு என்றார் சனகனிடம். தந்தையும் தாயுமாக இருந்தவர், அந்த ஒரு முடிவைத் தானே எடுக்கவில்லை. கையடையின் எல்லை அதுதான். 512ஆம் பிரிவும் 'சட்டம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய' என்றுதான் தொடங்குகிறது.

> 'உட்கையடை' வாயில் நுழையவில்லை.

எனக்கும் நுழையவில்லை. 'மறுகையடை' என்றால் திருப்பிக் கொடுப்பது போல ஒலிக்கிறது. யாராவது நல்லதாகத் தாருங்கள்.

அந்தக் கொருக்குப்பேட்டை அம்மாவுக்காகத் தகவல் உரிமை மனு எழுதிவிட்டேன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, அலுவலர்களின் அதிகாரங்களையும் முடிவெடுக்கும் நடைமுறையையும் ஒவ்வோர் அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும். அதனால் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. மனுவில் 'கையடை' போடத் தைரியம் வரவில்லை. "மேற்படி முடிவை எடுக்கும் அதிகாரம் கையொப்பமிட்டவருக்கு யாரால், எந்த ஆணைப்படி அளிக்கப்பட்டது?" என்று எழுதினேன். படித்துக் காட்டியதும் அந்த அம்மா, "கீழ கையெழுத்துப் போட்டவரு பேரையும் கேளு தம்பி" என்றார். அதையும் இரண்டாவது கேள்வியாகச் சேர்த்தேன்.