ஜப்பானின் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் பிள்ளைகளோடு: டிக்கெட்டும் பெட்டியும்

கேள்வி: டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்ப வேண்டும். பெரியவர்கள் இருவர், பிள்ளைகளுக்கு 4 வயது, 8 வயது. பெரிய பெட்டி ஒன்று, குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று. யாருக்கெல்லாம் டிக்கெட்? ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணச்சீட்டு) எடுக்கலாமா?

பதில் 1: 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். 6 வயதுக்குக் கீழே என்றால், டிக்கெட் எடுத்த ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை இலவசம். ஆனால் இருக்கை முன்பதிவுள்ள ரயில்பெட்டியில் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்; தனி இருக்கை வேண்டுமென்றால் சின்னவருக்கும் பாதிக் கட்டணம். மிக வேகமான ஷின்கான்சென்னான நோசோமியில்கூட இரண்டேகால் மணி நேரம் ஆகிறதே, மடி தாங்காது. எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்துள்ள டி, இ (D, E) இருக்கைகளை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் வாங்கினால், முன்வரிசையைச் சுழற்றி நால்வரும் எதிரெதிரே உட்காரலாம்.

பதில் 2: பெட்டியை இன்றே அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், கடைசி வரிசைக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்த்தே இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென். தள்ளுவண்டிக்கு இந்த விதி கிடையாது.

பதில் 3: பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யெனிலிருந்து 50,000 ஆகிவிட்டது. உங்கள் பயணம் போக வர, பெரியவர் ஒருவருக்குச் சுமார் 28,000 யென்தான். போகும்போது வலப்பக்க இ இருக்கை எடுத்தால், முக்கால் மணி நேரத்தில் ஷின்-ஃபுஜி அருகே ஃபுஜி மலை தெரியும், வானம் தெளிவாக இருந்தால். புத்தாண்டு, ஓபோன் (ஆகஸ்ட் மாத முன்னோர் வழிபாட்டு விடுமுறை) நெரிசலில் நோசோமி முழுக்க முன்பதிவு மட்டுமே.