சாம்பல் வாளியில் கறுப்புக் கட்டி

அக்கா (நியூகாசில், தென்னாப்பிரிக்கா), காலை 6:12
பெரியப்பா, இந்தப் படத்தைப் பாருங்கள். அடுப்புச் சாம்பலை அள்ளினால் வாளியில் பாதி கறுப்புக் கட்டிதான். வெளியே புல்லெல்லாம் உறைபனி, இங்கே காசு கொடுத்து வாங்கின நிலக்கரி குப்பைக்குப் போகிறது. மனசு கேட்கவில்லை.

பெரியப்பா (டண்டீ)
கொட்டிவிடாதே அம்மா. எப்போது அள்ளினாய்?

அக்கா
இப்போதுதான். அடுக்களையில் வைத்திருக்கிறேன், கதகதப்பாக இருக்கிறதே என்று.

பெரியப்பா
உடனே வெளியே எடு! மேலே வெள்ளையாக ஆறின மாதிரி தெரியும், உள்ளே கங்கு கிடக்கும். அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது. பிள்ளைகள் தூங்குகிற வீடு.

அக்கா
எடுத்துவிட்டேன். ஜன்னலும் திறந்தாச்சு. தகர வாளிதான்.

பெரியப்பா
சரி. மூடி போட்டுச் சிமெண்டுத் தரையில் வை. நாளைக் காலை வரை தொடாதே.

தம்பி (லெனேசியா)
ஆயா சொல்லச் சொல்கிறார்: ஆறின சாம்பலில் கொஞ்சம் தண்ணீர் தெளி, மூக்கில் துணி கட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று சலி. அந்தக் காலத்தில் பழைய கட்டிலின் கம்பி வலைதான் சல்லடையாம்.

பெரியப்பா
அரை அங்குலக் கண் போதும். ஆனால் சல்லடையில் நிற்பதெல்லாம் கரி இல்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உரசிப் பார். உள்ளே கறுப்பாக, எடை குறைவாக, சின்னச் சின்ன ஓட்டையோடு இருந்தால் எரியும். கண்ணாடி மாதிரி உருகிக் கெட்டியாக இருந்தால் அது கிட்டம். அதைத் திரும்பப் போட்டால் அடுப்புக்குள் கரி நிற்கிற கம்பித்தட்டு அடைத்துக்கொள்ளும்.

தம்பி
சலித்த கட்டியை மட்டும் வைத்து அடுப்பு மூட்டலாமா? நாங்கள் மேலிருந்துதான் மூட்டுகிறோம். கரி அடியில், விறகும் காகிதமும் மேலே. பக்கத்து வீட்டு மாமி ஜூலு மொழியில் 'பாசா ன்ஜெங்கோ மகோகோ' என்பார், பாட்டி மாதிரி மூட்டு என்று. புகை நிறையக் குறைகிறது.

பெரியப்பா
நல்ல முறை, விடாதே. ஆனால் சலித்த கட்டி லேசில் பற்றாது. அதில் புகையாகிற சரக்கு முன்பே போய்விட்டது. தணல் நன்றாகச் சிவந்த பிறகு, புதுக் கரியோடு கலந்து மேலே போடு. கீழ்க்கதவைக் கொஞ்சம் திறந்து காற்று விடு. புகையில்லாமல் நின்று எரியும்.

அக்கா
மிச்சச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போடட்டுமா?

பெரியப்பா
வேண்டாம். விறகுச் சாம்பல் என்றால் போடலாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் எல்லாம் இருக்கும்.
அப்புறம், பாதி வாளி கறுப்பு என்பது ரொம்ப அதிகம். கம்பியால் ஓயாமல் கிளறுகிறாயா? இல்லை, தட்டில் கம்பி ஒடிந்திருக்கிறதா? ஆறின பிறகு டார்ச் அடித்துப் பார்.

அக்கா, மறுநாள் காலை 7:05
சலித்தேன். ஒரு சின்னச் சட்டி நிறையக் கட்டி கிடைத்தது, இப்போது சிவப்பாக எரிகிறது! நீங்கள் சொன்னது சரிதான், நடுக்கம்பி ஒடிந்திருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது.

பெரியப்பா
என்னிடம் பழைய தட்டு ஒன்று இருக்கிறது. உன்னுடையதன் நீள அகலத்தை அளந்து அனுப்பு. ஞாயிறு வருகிறேன், அன்று காலையில் மட்டும் அடுப்பு மூட்டாதே.