வைப்பர் போட்ட கோடு: பாலிஷா, புதுக் கண்ணாடியா?

இரவுப்பயணி:
தப்பு என்னுடையதுதான், முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓட்டுநர் பக்க வைப்பரின் ரப்பர் நுனியில் கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு மழை முழுக்க ஓட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் கம்பி கண்ணாடியில் உரசியிருக்கிறது. இப்போது கண்ணுக்கு நேராக வில் வில்லாகக் கோடுகள். பகலில் ஒன்றும் தெரிவதில்லை. இரவில் எதிரே ஒரு வண்டி வந்தால் போதும், ஹெட்லைட் வெளிச்சம் சிதறி, கண்ணாடியில் சிலந்தி வலை கட்டின மாதிரி ஆகிவிடுகிறது. பற்பசை தேய் என்கிறார் ஒரு நண்பர். நெயில் பாலிஷ் தடவு என்கிறார் இன்னொருவர். கண்ணாடியையே மாற்று என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?

மெருகுப்பித்தன்:
மூன்று பேர் பேச்சும் வேண்டாம். சீரியம் ஆக்சைடு தூள் வாங்குங்கள். லென்ஸ் மெருகேற்ற காலங்காலமாகப் பயன்படுவது இதுதான். வெறுமனே தேய்த்து எடுக்கிற தூள் இல்லை இது. தண்ணீரும் சேரும்போது கண்ணாடியின் மேற்பரப்போடு வேதியியல் ரீதியாகவும் வினை புரிந்து, அதை இளக்கி எடுக்கிறது. அதனால்தான் உலர்ந்த தூளை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் வேலைக்கு ஆகாது.

கண்ணாடியை முதலில் நன்றாகக் கழுவுங்கள். தேய்க்கிற பேடுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் புதுக் கீறல்தான் மிச்சம். கோடு இருக்கும் இடத்தை உள்பக்கமிருந்து மார்க்கரால் வட்டமிடுங்கள், ஏனென்றால் தூளும் தண்ணீரும் குழைத்த கலவையைப் பூசியதும் கோடு கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் டேப் ஒட்டி, பானெட்டை மூடிவிடுங்கள். அப்புறம் டிரில்லில் ஃபெல்ட் பேட் (அழுத்திய கம்பளி வட்டு) மாட்டி, வேகத்தைக் குறைத்து வைத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே தேயுங்கள். கலவை காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையை வைத்தால் சூடு தெரிகிறதா? நிறுத்திவிடுங்கள். கண்ணாடியில் வெப்பம் சட்டென்று பரவாது, ஒரே இடத்தில் சூடு ஏறினால் விரிசல் விட்டுவிடும். என் பழைய வண்டியில் உள்ளங்கை அளவு இடத்துக்கு அரை நாள் பிடித்தது. ஆனால் மங்கல் சுத்தமாகப் போய்விட்டது.

கண்ணாடிக்கை:
22 வருடமாக வண்டிக் கண்ணாடி மாட்டுகிறேன். மெருகுப்பித்தன் சொன்ன முறையில் குறை இல்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. நீங்கள் தேய்க்கப் போகும் வெளிக்கண்ணாடி சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எதுவும் நிரம்புவதில்லை. பள்ளத்தின் அடி வரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடியைத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். இறக்கின இடம் மெல்லிய கிண்ணம் மாதிரி குழிகிறது. குழிந்த கண்ணாடிக்குப் பெயர் லென்ஸ். போதாக்குறைக்கு முன்கண்ணாடி சாய்ந்து கிடக்கிறது, அதன் வழியே நாம் பார்ப்பது சரிவாகத்தான். நேராகப் பார்த்தால் கண்ணில் படாத குழிவுகூடச் சரிவாகப் பார்த்தால் காட்சியை வளைத்துவிடும்.

மெருகுப்பித்தன்:
அண்ணே, நான் மங்கலைச் சொன்னேன், பள்ளத்தைச் சொல்லவில்லை. கண்ணாடி மாட்டுவது உங்கள் தொழில், அதனால் எல்லாருக்கும் புதுக் கண்ணாடிதான் மருந்து என்று தோன்றுகிறதோ?

மாற்றுவது மட்டும் சும்மாவா? முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் வண்டி உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பல வண்டிகளில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் நிற்கிறது. தொழிற்சாலையில் ஒட்டியதை அறுத்தெடுத்துவிட்டு, பட்டறையில் அவசரமாக ஒட்டி, பசை இறுகுவதற்குள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால்? புது வண்டியாக இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கும் கேமரா வேறு. அதைத் திரும்ப அளவு சரிபார்த்துப் பொருத்த வேண்டும். ஒரு கோட்டுக்காக இத்தனையுமா?

கண்ணாடிக்கை:
என் பிழைப்பை இழுத்துவிட்டீர்கள், பரவாயில்லை. கீறலோடு வருகிறவர்களில் எத்தனையோ பேரை ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். ஒட்டும் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அவசரமாக ஒட்டியதைப் பார்த்து எனக்கே கோபம் வந்திருக்கிறது. ஆனால் கேமராவை உங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். அதுவும் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. அதன் எதிரே பாலிஷ் போட்டு வளைவு விழுந்தால், கோணலாகத் தெரிகிறது என்று அது உங்களிடம் வந்து சொல்லாது.

பற்பசைபக்தன்:
சண்டை எதற்கு? பற்பசை தேய்த்துப் பாருங்கள். எனக்குப் போனது. சத்தியமாக!

மெருகுப்பித்தன்:
இதில் நானும் கண்ணாடிக்கையும் ஒரே கட்சி. பற்பசையில் சாதாரணமாக இருக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு, எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவில் கடினம் 3. கண்ணாடிக்கு ஐந்தரைக்குப் பக்கம். மென்மையானதை வைத்துக் கடினமானதை எப்படித் தேய்த்து இறக்குவது? உங்களுக்குப் போனது கீறலாக இருக்காது, எண்ணெய்ப் பிசுக்காகவோ உப்புத் தண்ணீர்க் கறையாகவோ இருந்திருக்கும். ஹெட்லைட் மூடியில் பற்பசை ஓரளவு வேலை செய்வது உண்மைதான். ஆனால் அது பாலிகார்பனேட், பிளாஸ்டிக். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் கண்ணாடியிலும் தேய்க்கிறார்கள்.

நெயில் பாலிஷ் கோட்டை அடைக்கும். நாலு தடவை வைப்பர் ஓடினால் ஓரம் பிய்ந்து, கோட்டைவிட மோசமாகக் கூசும்.

தூறல்:
கண்ணாடிக்கை சொன்ன கிண்ணத்தை நானே செய்திருக்கிறேன். நகம் சிக்குகிற அளவுக்கு ஆழமான ஒரு கீறல். விட்டேனா பார் என்று இரண்டு நாள் தேய்த்தேன். கீறல் போயே போய்விட்டது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் ஓட்டும்போது பார்த்தால், ஓரத்து மின்கம்பங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது இடுப்பை ஒடித்து ஒரு நெளி நெளிந்து நிமிர்ந்தன. முன்னால் போகிற வண்டி அந்த இடத்தில் அகலமாகித் திரும்பச் சுருங்கியது. ஒரு மாதம் தலைவலியோடு ஓட்டிவிட்டுக் கடைசியில் மாற்றினேன்.

கோட்டைக் கண் கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறது. நெளிவை அது மறக்கவே இல்லை.

மெருகுப்பித்தன்:
தேய்த்த பரப்பு போதவில்லை என்று நினைக்கிறேன். ஆழமான கீறல் என்றால் அகலமாகப் பரத்தித் தேய்த்து, ஓரங்களைச் சரிவாகக் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

தூறல்:
மங்கலுக்கே உள்ளங்கை அகலத்துக்கு அரை நாள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? நகம் சிக்குகிற பள்ளத்துக்கு, அதுவும் அகலமாகப் பரத்தி, எத்தனை நாள் தேய்ப்பது? அத்தனையும் கை டிரில்லில் ஒரே சீராக இறங்குமா?

மெருகுப்பித்தன்:
சரி, அந்த ஆழத்துக்குக் கை டிரில் சரிப்படாது. ஒத்துக்கொள்கிறேன்.

நிழல்விரும்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பக்கவாட்டுக் கண்ணாடியில் மேலும் கீழுமாகக் கோடு இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியமா?

கண்ணாடிக்கை:
உள்பக்கம் என்றால் முதலில் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பல சமயம் கோடு ஃபிலிமில்தான் இருக்கும், உரித்தால் போய்விடும். வெளிப்பக்கம் என்றால் பெரும்பாலும் ரப்பர் பீடிங்கில் சிக்கிய மண்தான் காரணம். அதைத் துடைத்து எடுக்காமல் பாலிஷ் போட்டால், அடுத்த முறை கண்ணாடியை இறக்கும்போதே புதுக் கோடு விழும்.

இரவுப்பயணி:
நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வெளியே கழுவியதோடு நிற்காமல் உள்பக்கமும் துடைத்தேன். துணியில் ஒரு சாம்பல் படலம் வந்தது! டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவி படிந்ததாம். இரண்டு வைப்பருக்கும் புது ரப்பர் போட்டாயிற்று. இரவு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வலையில் பாதியைக் காணோம்.

மிச்சம் இருப்பவை ஏழு கோடு. ஆறில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்றில் மட்டும் டக்கென்று நிற்கிறது. நல்லவேளை, அது கீழே, ஸ்டீயரிங்கின் மேல் விளிம்புக்கு நேராக இருக்கிறது. பார்வை அங்கே அதிகம் போவதில்லை.

மெருகுப்பித்தன்:
அந்த ஆறையும் எடுத்துவிடலாம். வெயிலில் நிறுத்தி ஆரம்பிக்காதீர்கள், கலவை நொடியில் காய்ந்துவிடும். தூள் பறக்காமல் எப்போதும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள், மூக்குக்கு முகமூடியும் போடுங்கள்.

கண்ணாடிக்கை:
நான் அதையும் தள்ளிப்போடத்தான் சொல்வேன். பாதி வலை துணியிலேயே போய்விட்டது, மீதியோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் கை துறுதுறுத்தால், பயணி பக்கத்துக் கீழ் மூலையில் பழகிவிட்டுக் கண்ணுக்கு நேராக வாருங்கள். அந்த ஏழாவதை மட்டும் தொடாதீர்கள்.

இரவுப்பயணி:
தூள் வாங்கிவிட்டேன் அண்ணே. மூலையில் ஆரம்பிக்கிறேன். ஏழாவது அப்படியே இருக்கட்டும்.

பற்பசைபக்தன்:
மிச்சம் இருக்கும் பற்பசையை நான் ஹெட்லைட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.