புதுப்பிப்பு: வியாசர்பாடி வீடு, புரோக்கர் இல்லாமலே பத்திரம் முடிஞ்சிருச்சு

ஆடி மாசம் இங்க, புரோக்கர் இல்லாம நேரா ஓனர்கிட்டயே பழைய வீடு வாங்கலாமான்னு கேட்டிருந்தேன்ல, நெறைய பேரு முதல்ல வில்லங்கம் (சொத்து மேல கடன், அடமானம் ஏதாவது இருக்கான்னு காட்டுற சான்று) போட்டுப் பாருன்னு சொன்னீங்க, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. பதிவுத்துறை வெப்சைட்லயே காசு கட்டாம 30 வருஷத்துக்குப் பாத்தேன், 2011ல பேங்க்ல பத்திரத்தை வெச்சு லோன் வாங்குன என்ட்ரி அப்படியே நிக்குது. ஓனர் அங்கிள் "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சிட்டேம்பா"ன்னாரு, உண்மைதான், ஒரிஜினல் பத்திரமும் அவர் கையில இருக்கு, ஆனா கடன் தீந்ததுக்கு ரசீது ஆவணம் பதியவே இல்ல. அதைப் பதிஞ்சு புது வில்லங்கத்துல ஏறினப்புறம்தான் அட்வான்ஸ் குடுத்தேன், மூணு வாரம் போச்சு, போனா போகட்டும்.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட 2023 மிக்ஜாம் புயல்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டேன், கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய் செவுத்துல இருந்த கறையைக் காட்டுனாங்க, என் முட்டி உயரம் இருக்கு. அதை வெச்சுதான் வெலையே பேசுனேன்.

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், வக்கீல் ஃபீஸ் தனி. மூலப்பத்திரத்தை ஒரு வரி விடாம படிச்ச அந்த வக்கீல் மேடத்துக்குக் குடுத்த காசு ஒரு ரூபா கூட வீண் இல்ல. பட்டா பேர் மாத்த எழுதிக் குடுத்தாச்சு, வந்ததும் சொல்றேன்.