கொன்யாவில் செமா (சூஃபிகள் சுழன்று ஆடிச் செய்யும் வழிபாடு) பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இந்த டிசம்பரில் துருக்கி போகிறோம். சூஃபி ஞானியும் கவிஞருமான ரூமி மறைந்த நாளான 17ஆம் தேதியை ஒட்டிக் கொன்யாவில் அவர் வழிவந்த மெவ்லவி தர்வேஷ்கள் (சூஃபி அடியார்கள்) நடத்தும் செமாவைப் பார்க்க ஆசை. நான் இந்து, கூட வரும் தோழி கிறிஸ்தவர், இன்னொருவர் கடவுளே இல்லை என்பவர் (டிக்கெட்டுக்கு அதிகம் பறப்பது அவர்தான்!). கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் காட்டிச் சுழல்வார்கள், நான்கு பகுதியாக நடக்கும், கடைசியில் குர்ஆன் ஓதுவார்கள் என்பது வரை படித்துவிட்டேன். உயரமான தொப்பி கல்லறைக் கல்லையும் வெள்ளை உடை கஃபன் துணியையும் (இறந்தவரைப் போர்த்தும் துணி) குறிக்கிறது என்று தெரிந்த பிறகு, நடன நிகழ்ச்சி மாதிரி கைதட்டிவிட்டு வர மனசு வரவில்லை.

துஆ (பிரார்த்தனை) நடக்கும்போது பிற மதத்தவர் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதுமா, எழுந்து நிற்க வேண்டுமா? பெண்கள் தலையை மூட வேண்டுமா? மெவ்லானா கலாச்சார மையத்தில் எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்? அப்புறம், கொன்யாவில் டிக்கெட் கிடைக்காவிட்டால் இஸ்தான்புல்லின் கலாட்டா மெவ்லவிஹானே (மெவ்லவிகளின் பழைய மடம்) பரவாயில்லையா? சாப்பாட்டோடு சேர்த்துக் காட்டும் உணவக நிகழ்ச்சிகளை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.