நிலவறையில் உள்ள என்பி-ஐஓடி மீட்டர்கள் மட்டும் ஐந்தே மாதத்தில் நின்றுவிட்டன: என்ன காரணமாக இருக்கும்?

நீர்க்கணக்கு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு குடியிருப்பு வளாகத்தில் 40 தண்ணீர் மீட்டர்களுக்கு என்பி-ஐஓடி (மொபைல் நெட்வொர்க் வழியாகக் குறைந்த மின்சாரத்தில் சிறு தரவை அனுப்பும் முறை) கருவி பொருத்தியிருக்கிறோம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து, 60 பைட் அளவுள்ள ஒரு வாசிப்பை அனுப்பிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். வேலை அவ்வளவுதான். 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல், 8.5 ஆம்பியர்-மணி. கணக்குப் போட்டபோது எட்டு ஆண்டுக்குக் குறையாமல் வந்தது.

ஐந்தாவது மாதத்தில் 11 கருவிகள் அடுத்தடுத்து நின்றுவிட்டன. பதினொன்றும் நிலவறையில், கனத்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருப்பவை. மேல்தளங்களில் உள்ள 29 கருவிகள் நன்றாக ஓடுகின்றன. நின்ற கருவிகளும் கடைசி நாள் வரை ஒரு வாசிப்பைக்கூடத் தவறவிடவில்லை. அதனால் இது சிக்னல் கோளாறு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பிஎஸ்எம் உறக்க நிலை (ரேடியோவை அணைத்துவைக்கும் மின்சேமிப்பு முறை) இயங்குகிறது. உறக்கத்தில் மின்னோட்டம் 4 மைக்ரோஆம்பியர், நானே அளந்தேன்.

இன்னொன்றும் புரியவில்லை. நின்றுபோன கருவியிலிருந்து கழற்றிய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 3.61 வோல்ட் காட்டுகிறது. புதுச் செல்லும் ஏறத்தாழ அதையேதான் காட்டுகிறது. வெறுமனே செல்லை மாற்றிவிட்டு இன்னும் ஐந்து மாதம் காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. குடியிருப்பவர்களின் தண்ணீர்க் கட்டணம் இந்த வாசிப்பை நம்பித்தான் இருக்கிறது.

அலைவரிசை எழுதியது:

ஒரு வாசிப்பும் தவறவில்லை என்கிறீர்களே, அதுதான் முதல் துப்பு. என்பி-ஐஓடி அவ்வளவு எளிதில் தோற்காது. பழைய 2ஜி தரவுச் சேவையான ஜிபிஆர்எஸ்ஸைவிட 20 டெசிபல் ஆழத்துக்கு எட்ட வேண்டும் என்றே இதை வடிவமைத்தார்கள். வழியில் சிக்னல் 164 டெசிபல் வரை இழந்தாலும் தாங்கும். அவ்வளவு ஆழத்துக்கு எட்டும் திறன் எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதால். கருவி ஒரே துண்டை 128 முறை வரை மறுபடி அனுப்பலாம்; கோபுரம் 2048 முறை வரை அனுப்பலாம். மறுபடி அனுப்புவதை இரட்டிப்பாக்கினால் அதிகம் போனால் 3 டெசிபல் கூடும். ரேடியோ விழித்திருக்கும் நேரமோ முழுதாக இரட்டிப்பாகிறது. செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது, விலையைச் செல் கொடுக்கிறது. சர்வரில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும்.

மூன்று விவரம் தாருங்கள். நிலவறைக் கருவி எந்தக் கவரேஜ் நிலையில் இருக்கிறது: 0, 1, 2 இதில் எது (0 நல்ல சிக்னல், 2 மிக மோசம்)? வாசிப்பை எந்த நெறிமுறையில் அனுப்புகிறீர்கள்? பிஎஸ்எம்முக்கு நீங்கள் கேட்ட டைமர் மதிப்புகளும், நெட்வொர்க் உண்மையில் கொடுத்த மதிப்புகளும் என்ன? கேட்டதை, மோடத்துக்கு இடும் சிபிஎஸ்எம்எஸ் கட்டளையில் பார்க்கலாம். கொடுத்ததைப் பார்க்க சிஇஆர்இஜி கட்டளைக்கு 4 என்று மதிப்பு கொடுத்துவிட்டு மறுபடி வினவ வேண்டும். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

மின்வேதி எழுதியது:

செல் பற்றி மட்டும் சொல்கிறேன். லித்தியம் தயோனைல் செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய தீரும் வரை 3.6-லேயே நிற்கும். அதனால் சும்மா வைத்து அளந்தால் எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. சுமை கொடுத்து அளங்கள்: 200 மில்லிஆம்பியர் இழுக்கும்படி ஒரு மின்தடையைச் சேர்த்து, பத்து வினாடி பாருங்கள்.

என் ஊகம் இது. மேல்தளக் கருவி சற்று நேரம் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறது, செல்லும் மூச்சு வாங்கிக்கொள்கிறது. நிலவறைக் கருவி நீண்ட நேரம் விடாமல் இழுக்கிறது. இந்த வகைச் செல் சிறு மின்னோட்டத்தைப் பல ஆண்டு கொடுக்கப் பிறந்தது. பெரிய இழுப்பைத் தாங்காது. மின்னழுத்தம் சரிகிறது, மோடம் தன் கீழ் எல்லைக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது, மீண்டும் எழுந்து நெட்வொர்க்கைத் தேடுகிறது, மீண்டும் சரிகிறது. செல்லுக்கு இணையாக ஒரு கலப்பின அடுக்கு மின்தேக்கி (திடீர் பெரிய இழுப்பைச் செல்லுக்குப் பதிலாகத் தாங்குவது) போட்டிருக்கிறீர்களா?

நீர்க்கணக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்று நிலவறைக்குப் போய் மடிக்கணினியோடு உட்கார்ந்து எல்லாம் எடுத்தேன்.

கவரேஜ் நிலை 2. சிக்னல் −128 டிபிஎம், மிகப் பலவீனம். நெறிமுறை டிசிபி (இணைப்பு ஏற்படுத்தி, அனுப்பியதற்கு ஒப்புதல் கேட்கும் முறை) மேல் எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பும் முறை), டிஎல்எஸ் மறையாக்கப் பாதுகாப்புடன். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் புதிதாக இணைகிறது. இரு பக்கமும் சான்றிதழ் பரிமாற்றம் உண்டு.

டி3324 (அனுப்பிய பின் தூங்கும் முன் காத்திருக்கும் நேரம்) நான் கேட்டது 01100101, அதாவது 10 வினாடி. நெட்வொர்க் கொடுத்தது 00100101. டி3412 (கருவி தன் இருப்பை நெட்வொர்க்குக்குத் தெரிவிக்க எழும் இடைவெளி) நான் கேட்டது 24 மணி நேரம், கிடைத்தது 12 மணி நேரம்.

பழைய செல்லில் 200 மில்லிஆம்பியர் சுமை கொடுத்ததும் நான்காவது வினாடியில் 2.4 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. மின்தேக்கி போடவில்லை.

அலைவரிசை எழுதியது:

உங்கள் டி3324 மதிப்பைப் பாருங்கள். இரண்டு டைமருக்கும் எட்டு பிட்தான், முதல் மூன்று பிட் அலகு, மீதி ஐந்து எண்ணிக்கை. ஆனால் அலகு அட்டவணை இரண்டுக்கும் ஒன்றல்ல. டி3412-க்கு 011 என்றால் 2 வினாடி; 001 என்றால் ஒரு மணி நேரம். டி3324-க்கு 2 வினாடி என்பது 000. 001 என்றால் ஒரு நிமிடம். நீங்கள் ஒரு டைமரின் அட்டவணையை எடுத்து மற்றதற்குப் போட்டிருக்கிறீர்கள். தெரியாத அலகு வந்தால் நிமிடமாக எடுத்துக்கொள் என்பது விதி. அதனால் நெட்வொர்க் 5 நிமிடம் என்று புரிந்துகொண்டு, அதை முறையாகத் திருத்தி எழுதியும் அனுப்பிவிட்டது. ஒரே ஒரு பிட் வேறுபாடு! ஒவ்வொரு வாசிப்புக்கும் பிறகு கருவி ஐந்து நிமிடம் காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது. 00000101 என்று மாற்றுங்கள்.

டி3412 பற்றிக் கவலை வேண்டாம். கருவி பேசி முடித்து ஓய்வுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த டைமர் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பேசும் கருவிக்கு 12 மணி நேர டைமர் ஒருபோதும் தீராது.

ஆனால் பெரிய தீனிக்காரன் டிஎல்எஸ்தான். இரு பக்கச் சான்றிதழும் சேர்ந்தால் கைகுலுக்கலுக்கே (இணைப்பின் தொடக்கத்தில் நடக்கும் அறிமுகப் பரிமாற்றம்) 5 கிலோபைட் ஆகிவிடும், அதாவது 40,000 பிட். நிலவறையில் வினாடிக்கு 300 பிட் கிடைத்தால் 60 பைட் வாசிப்புக்காக இரண்டு நிமிடத்துக்கு மேல் ரேடியோ எரிகிறது. போதாக்குறைக்கு டிசிபி, பதில் வரத் தாமதமானால் துண்டு தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். நிலை 2-இல் பதில் வரப் பல வினாடி ஆவது இயல்பு. யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே துண்டை அனுப்பும் முறை) மேல் கோஆப்புக்கு (சிறு கருவிகளுக்கான எளிய நெறிமுறை) மாறுங்கள், பாதுகாப்புக்கு டிஎல்எஸ்ஸின் யுடிபி வடிவமான டிடிஎல்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்ததும் கருவியின் முகவரி மாறியிருக்குமே என்று தயங்க வேண்டாம். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9146 என்ற இணையத் தரநிலையின் இணைப்பு அடையாளம் அதற்காகவே உண்டானது. பழைய அமர்வையே தொடரலாம்.

கடைசி துண்டோடு ஆர்ஏஐ குறிப்பையும் அனுப்புங்கள். ‘ஒரு பதில் மட்டும் வேண்டும், அதன் பிறகு என்னை விட்டுவிடு’ என்று நெட்வொர்க்கிடம் சொல்வது அது. இல்லாவிட்டால் இணைப்பை விடுவிக்க அது பத்து இருபது வினாடி சும்மா காத்திருக்கும்.

கோபுரத்தடி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நானும் இதே வேலையில் இருக்கிறேன். இவ்வளவு தொல்லை இருக்கும்போது, கருவிகளுக்கான இன்னொரு மொபைல் முறையான எல்டிஇ-எம்முக்கு மாறிவிடலாமா? வேகம் அதிகம், கோபுரம் விட்டுக் கோபுரம் தாவும்போதும் இணைப்பு அறாது.

அலைவரிசை எழுதியது:

நகரும் கருவி என்றால் யோசிக்காமல் எல்டிஇ-எம். நிலவறையில் அசையாமல் இருக்கும் மீட்டருக்கு என்பி-ஐஓடி பொருத்தமானதுதான். அதன் குறுகிய 180 கிலோஹெர்ட்ஸ் அலைக்கற்றை இதற்காகவே வந்தது. இரண்டுமே 2016-இல், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் வெளியீடு 13-இல் ஒன்றாகப் பிறந்தவை.

பத்தாண்டுக்குப் பொருத்துகிறோம் என்றால் நெட்வொர்க் பத்தாண்டு இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும். உலகம் முழுவதும் இந்த நெட்வொர்க்குகள் வளர்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் அல்ல. ஜப்பானின் டோகோமோ 2020 மார்ச்சில் என்பி-ஐஓடி சேவையை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் ஏடி அண்டு டியும் அதைக் கைவிட்டு எல்டிஇ-எம் பக்கம் சாய்ந்தது. சீனாவிலோ என்பி-ஐஓடிதான் பெருகியிருக்கிறது. புதிதாக வாங்குவதாக இருந்தால் இரண்டும் பேசும் மாட்யூலையே வாங்குங்கள். சுவரில் பதித்த கருவியைப் பெயர்த்தெடுக்கும் செலவை நினைத்தால் அந்த விலை வேறுபாடு பெரிதல்ல.

நீர்க்கணக்கு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டி3324 திருத்தினேன். கோஆப், டிடிஎல்எஸ், ஆர்ஏஐ மூன்றையும் நிலைப்பொருளில் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) சேர்த்தேன். மின்வேதி சொன்ன மின்தேக்கியும் போட்டாயிற்று. நிலவறையில் ஒரு முறை விழித்து அனுப்ப முன்பு 11 மில்லிஆம்பியர்-மணி ஆனது, இப்போது 0.7. பழைய வேகத்தில் ஐந்து மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 6.6 ஆம்பியர்-மணிதான் வருகிறது. அப்படியானால் உள்ளே மிச்சம் இருக்கும்போதே அந்தச் செல்கள் மின்னழுத்தம் சரிந்துதான் நின்றிருக்கின்றன.

11-இல் 9 கருவி சரியாகிவிட்டது. இரண்டு மட்டும் பம்ப் அறையின் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் 3 மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் ஆகிறது. ஆண்டெனாவைக் கம்பி வழியாகக் கதவுக்கு வெளியே கொண்டுவரப் போகிறேன். கம்பியில் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்று அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.